ஹெட்லைட்டின் வளைய விளக்கு எரியவில்லை: எல்இடி போடலாமா, ஹெட்லைட்டையே மாற்றணுமா?

வாசகர் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய, ஒன்பது வருடம் ஓடிய கார். ஹெட்லைட்டுக்குள் லோ பீமைச் சுற்றி வளையமாக எரியும் விளக்கு, பலரும் 'ஏஞ்சல் ஐஸ்' என்று சொல்வது, அந்தக் காரில் இருக்கிறது. அவருக்கு அந்தக் காரில் பிடித்ததே அதுதானாம். இடது வளையம் இரண்டு மாதமாக எரியவில்லை. வலது வளையம் எரிகிறது, ஆனால் மஞ்சளடித்துப்போய் இருக்கிறது. பட்டறையில் காட்டினால், "இதுல பல்பு மட்டும் மாத்த முடியாது, ஹெட்லைட் செட்டையே மாத்தணும்" என்றார்கள். நண்பர் ஒருவரோ, "அதெல்லாம் வேண்டாம், எட்டாயிரம் கெல்வின் எல்இடி போடு, பளிச்சுன்னு நீலமா அடிக்கும்" என்றிருக்கிறார்.

வாசகர் நண்பர் பேச்சைக் கேட்டு, 'கேன்பஸ்' (காரின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் மின்வழியின் பெயர்) என்று அச்சிட்ட ஒரு ஜோடி எல்இடி வாங்கி, தானே மாட்டிப் பார்த்தார். இடதுபக்கம் எரியவே இல்லை. வலதுபக்கம் எரிந்தது, ஆனால் துடித்துத் துடித்து எரிந்தது. டேஷ்போர்டில் பல்பு எச்சரிக்கையும் வந்துவந்து போனது. சரி, கழற்றிவிடலாம் என்று இடதுபக்க ஹோல்டரை இழுத்தபோது எல்இடி மட்டும் நழுவி ஹெட்லைட்டுக்குள் விழுந்துவிட்டது. இப்போது வண்டி குலுங்கும்போதெல்லாம் உள்ளே 'கடகட'வென்று சத்தம் கேட்கிறது. மனைவி, "எரிந்தால் எரியட்டும், எரியாவிட்டால் போகட்டும், விட்டுவிடுங்கள்" என்கிறார். வாசகரின் கேள்விகள் மூன்று. செட்டையே மாற்றத்தான் வேண்டுமா? எச்சரிக்கை வராத எல்இடி எது? இந்த வளையத்தையே இன்னும் பிரகாசமாக்கிப் பகல் விளக்காக, அதாவது டிஆர்எல்-ஆகப் பயன்படுத்த முடியுமா?

இனி உங்களிடமே பேசுகிறேன்.

உங்கள் மனைவி சொல்வதில் பாதி சரி. இந்த வளையம் சாலையைக் காட்டுவதற்கான விளக்கு அல்ல. லோ பீமும் ஹை பீமும் சரியாக எரிந்தால் உங்களுக்குப் பாதை தெரிவதில் எந்தக் குறையும் வராது. மீதிப் பாதிதான் பிரச்சினை. பல கார்களில் அழகுக்காக இருப்பதுபோலத் தெரியும் இந்த வளையம்தான் சட்டப்படியான பார்க்கிங் லைட். உங்கள் காரிலும் அப்படித்தான் என்பது கடிதத்தில் தெரிகிறது. ஸ்விட்சை முதல் நிலையில் வைத்தால் பின்விளக்குகளோடு சேர்ந்து வளையம் எரிகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஒருபக்கம் எரியாத வண்டி தூரத்தில் வரும்போது அதன் அகலம் எதிரே வருபவருக்குச் சரியாகப் பிடிபடாது. வாகனச் சோதனையிலும் இதைக் குறையாக எழுதுவார்கள். எனவே விட்டுவிட வேண்டாம். அவசரப்பட்டு எதையும் 'அப்கிரேடு' செய்யவும் வேண்டாம். எது போடலாம் என்பதற்கு முன்னால் ஏன் போனது என்று பார்க்க வேண்டும். நீங்கள் தவறவிட்ட படி அதுதான்.

உள்ளே விழுந்ததை முதலில் எடுங்கள்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். லோ பீம் ஹாலஜன் பல்பின் கண்ணாடி எரியும்போது சில நூறு டிகிரி சூட்டில் இருக்கும். உருண்டு திரியும் எல்இடி அதன் மேல் போய்ச் சாய்ந்தால் பிளாஸ்டிக் உருகும்; அந்தப் புகை ரிஃப்ளெக்டரில் படிந்தால் அப்புறம் நிஜமாகவே செட்டை மாற்ற வேண்டியதாகிவிடும்.

என்ஜினை அணைத்து, விளக்குகள் நன்றாக ஆறியபின், பின்மூடியைத் திறந்து லோ பீம் பல்பைக் கழற்றுங்கள். அந்தத் துளைதான் பெரியது. மெல்லிய குச்சியின் நுனியில் இரட்டைப் பக்க ஒட்டும் டேப்பைச் சுற்றி, எல்இடியை ஒட்டி இழுக்கலாம். நகம் போல விரியும் வளைகம்பிக் கருவி இருந்தாலும் சரி, ஆனால் அதன் நுனி ரிஃப்ளெக்டரில் உரசக் கூடாது. அந்தப் பளபளப்பு மிக மெல்லிய அலுமினியப் பூச்சு. துணியால் அழுத்தித் துடைத்தாலே கையோடு வந்துவிடும். எட்டவே இல்லையென்றால் ஹெட்லைட்டைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து மெதுவாக அசைப்பதுதான் வழி. லோ பீம் ஹாலஜன் பல்பைத் திரும்ப மாட்டும்போது கண்ணாடியில் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பசை பட்ட இடம் மட்டும் அதிகம் சூடாகி ஆயுள் குறையும்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் லோ பீம் செனான் வகையாக இருந்தால், ஹெட்லைட்டின் பின்புறம் மின்னல் குறியோடு ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதைப் பற்றவைக்கும் துடிப்பு இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேல். அந்த வண்டியில் நீங்கள் கைவைக்க வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

போனது பல்பா, வேறு ஏதாவதா?

பழைய பல்பு கைவசம் இருக்கிறதா? எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே கம்பி அறுந்து, கண்ணாடியில் கறுப்போ வெள்ளிச் சாயலோ படிந்திருந்தால் வயதாகிப் போயிருக்கிறது. பாலாடை போல வெண்மை படிந்திருந்தால் கண்ணாடியில் விரிசல் விழுந்து காற்று புகுந்திருக்கிறது; அநேகமாகத் தண்ணீர் தெறித்திருக்கும், மூடியின் ரப்பரைப் பாருங்கள். கம்பி அறுபடாமல் நன்றாகவே இருந்தால் பல்பின் மேல் குற்றம் இல்லை.

அதைவிட எளிய சோதனை, வலதுபக்கத்தில் எரியும் பழைய பல்பைக் கழற்றி இடதுபக்கம் மாட்டிப் பார்ப்பது. எரிந்தால் வயரிங் சரியாக இருக்கிறது. எரியாவிட்டால் இடதுபக்கப் பின்விளக்கும் சேர்ந்து அணைந்திருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். பல கார்களில் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி ஃபியூஸ் உண்டு; முன்னும் பின்னும் ஒரே பக்கம் அணைந்திருந்தால் சந்தேகம் ஃபியூஸ் மேல்தான். பின்விளக்கு எரிகிறது, முன்னால் மட்டும் இல்லை என்றால் ஹோல்டரைப் பாருங்கள். பச்சை பூத்திருக்கலாம், பிளாஸ்டிக் கருகி உள்ளிருக்கும் தகடு தளர்ந்திருக்கலாம். மல்டிமீட்டர் இருந்தால் ஹோல்டரில் 12 வோல்ட் வருகிறதா என்பது ஒரு நிமிட வேலை.

நீங்கள் மாட்டிய எல்இடி இடதுபக்கம் எரியாததற்கு இதைவிடச் சாதாரணமான காரணமும் இருக்கலாம். சாதாரண பல்பை எப்படிச் சொருகினாலும் எரியும். எல்இடிக்கு பிளஸ், மைனஸ் உண்டு. ஹோல்டரில் திருப்பிச் சொருகினால் எரியாது, அவ்வளவுதான். சில எல்இடிகள் இரு பக்கமும் எரியும்படி வரும், எல்லாம் அப்படி இல்லை.

இன்னொன்றையும் விட்டுவிடாதீர்கள். இந்த இரண்டு மாதத்தில் வேறு பல்புகளும் அடுத்தடுத்து போயினவா? போயிருந்தால் பேட்டரி முனையில், என்ஜின் ஓடும்போது வோல்டேஜைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் 13.5 முதல் 14.7 வோல்ட்டுக்குள் இருக்கும். 15-ஐத் தாண்டினால் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைப் பட்டறையில் காட்ட வேண்டும். கம்பி பல்புகளுக்கு வோல்டேஜ் ஐந்து சதவீதம் கூடினாலே ஆயுள் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். அந்த வண்டியில் எத்தனை பல்பு மாற்றினாலும் நிற்காது.

செட்டை மாற்ற வேண்டுமா?

உங்கள் பட்டறைக்காரர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லமாட்டேன். சில கார்களில் வளையத்தின் எல்இடி ஹெட்லைட்டுக்குள்ளேயே பதிந்திருக்கும். அது போனால் அந்த மாட்யூலையோ முழு விளக்கையோ மாற்றுவதுதான் வழி. ஆனால் நீங்கள் ஹோல்டரைத் திருகிக் கழற்றி, அடியில் உலோகம் இல்லாத, கண்ணாடியே சொருகும் பகுதியாக இருந்த ஒரு சின்ன பல்பை எடுத்திருக்கிறீர்கள். அது பெரும்பாலும் டபிள்யூ5டபிள்யூ, கடைகளில் டி10 என்று கேட்டால் தருவார்கள். 12 வோல்ட், 5 வாட், வெளிச்சம் சுமார் 50 லூமன். இந்த வகையில் பல்பு மட்டும் தனியாக மாற்றலாம். கையை நுழைக்க இடம் இல்லாததால், சக்கரத்தின் மேலிருக்கும் உள்மூடியையோ பம்பரையோ கழற்ற வேண்டிய கார்கள் இருக்கின்றன. அந்த வேலைக்குச் சோம்பல்பட்டும் சிலர் "செட்டை மாத்தணும்" என்பார்கள்.

எனவே, "ஏன் மாற்ற வேண்டும் என்று காட்டுங்கள்" என்று கேளுங்கள். உடைந்த கிளிப், கருகிய ரிஃப்ளெக்டர், உள்ளே நின்ற தண்ணீர் என்று ஏதாவது கண்ணில் காட்ட முடிய வேண்டும். மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். மாற்றினால் பழைய பாகத்தைத் திரும்பக் கேளுங்கள். காசு கொடுப்பவர் இதைக் கேட்பதில் யாரும் கோபப்பட எதுவுமில்லை.

வலது வளையத்தின் மஞ்சள் தனிக் கேள்வி. வளையம் தானாக எரிவதில்லை. பல்பின் ஒளி ஒரு தெளிவான பிளாஸ்டிக் குழாய்க்குள் நுழைந்து வழிநெடுகக் கசிகிறது. பிஎம்டபிள்யூ 5 சீரிஸ் 2000-ல் புதுப்பிக்கப்பட்டபோது இந்த வளையம் பிரபலமானது. அப்போதும் உள்ளே இருந்தது சாதாரண பல்பும் ஒளிக்குழாயும்தான். கம்பி பல்பின் வெளிச்சம் இயல்பிலேயே மஞ்சள் சாயல், சுமார் 2,700 கெல்வின். அது குறை அல்ல, அது அப்படித்தான். ஆனால் பல வருடச் சூட்டில் அந்தப் பிளாஸ்டிக்கே பழுத்துப்போயிருந்தால் கதை வேறு. விளக்கை அணைத்துவிட்டு, பகலில், வளையத்தின் மேல் ஒரு வெள்ளை டார்ச்சை அடித்துப் பாருங்கள். வளையம் தேன் நிறத்தில் தெரிந்தால் பிளாஸ்டிக் பழுத்திருக்கிறது. அதற்குப் பின்னால் எந்த எல்இடியை வைத்தாலும் தேன் நிறம்தான் வரும். அந்த நிலையில் மட்டும் பட்டறைக்காரர் சொன்னது சரியாகிவிடும். அப்போதும், அந்த நிறம் உங்களுக்கு உறுத்தினால்தான்.

எல்இடி: நண்பர் சொன்னதும் சொல்லாததும்

கெல்வின் கூடினால் வெளிச்சம் கூடும் என்பது பரவலான தவறு. கெல்வின் நிறத்தின் கணக்கு. வெளிச்சத்தின் கணக்கு லூமன். ஹாலஜன் லோ பீம் சுமார் 3,200, செனான் 4,200-ஐ ஒட்டி. 8,000 என்றால் நீலச் சாயல். பல நாடுகளில் முன்பக்க நீல விளக்கு அவசர ஊர்திகளுக்கு ஒதுக்கப்பட்டது. முன் பார்க்கிங் லைட் வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதே பெரும்பாலான இடங்களில் விதி. போலீஸ் நிறுத்தினால் "பார்க்க அழகா இருந்துச்சு சார்" என்பது பதில் ஆகாது. நீல எல்இடி உங்கள் ஹாலஜன் லோ பீமுக்குப் பக்கத்தில் பொருந்தாமலும் இருக்கும். சுற்றிலும் நீலம், நடுவில் மஞ்சள். என் கண்ணுக்கு அது அப்கிரேடாகத் தெரிவதில்லை, உங்கள் ரசனை உங்களுடையது.

அடுத்து, ஒளி எந்தப் பக்கம் போகிறது என்பது. இதை விற்பவர்கள் சொல்வதே இல்லை. கம்பி பல்பு எல்லாத் திசையிலும் ஒளி விடும். எல்இடி தான் பார்க்கும் பக்கம் மட்டுமே விடும். ரிஃப்ளெக்டர் வகை விளக்கில் பக்கவாட்டில் ஒளி விடும் எல்இடி வேண்டும். உங்களுடையதுபோல ஒளிக்குழாயின் முனையைப் பார்த்து பல்பு நிற்கும் அமைப்பில் நுனியிலிருந்து நேராக ஒளி விடும் எல்இடி வேண்டும். மாற்றிப் போட்டால், பெட்டியில் எத்தனை லூமன் எழுதியிருந்தாலும் பழைய ஐந்து வாட்டை விட மங்கலாகத்தான் எரியும். அப்புறம், எல்இடியின் உடல் தடிமனாக இருந்தால் துளையில் இறுகும், இழுக்கும்போது ஹோல்டரை விட்டு நழுவும். உங்களுக்கு நடந்தது அதேதான்.

எச்சரிக்கைக்கு வருவோம். 5 வாட் பல்பு சுமார் 0.4 ஆம்பியர் இழுக்கும். ஒரு வாட் எல்இடி இழுப்பது அதில் ஐந்தில் ஒரு பங்கு. காரின் கட்டுப்பாட்டுப் பெட்டி இந்த மின்னோட்டத்தைக் கண்காணிக்கிறது. குறைந்தால், பல்பு போய்விட்டது என்று முடிவு செய்கிறது. 'கேன்பஸ்' எல்இடி என்பவற்றில் பெரும்பாலானவை செய்வது, உள்ளே ஒரு ரெசிஸ்டரை வைத்து மீதி மின்சாரத்தைச் சூடாக எரிப்பது. பெயரில் இருக்கும் தொழில்நுட்பம் உள்ளே இருக்காது. 12 வோல்ட்டில் 4 வாட் எரிக்கும் ரெசிஸ்டர், என்ஜின் ஓடி 14 வோல்ட் வரும்போது சுமார் ஐந்தரை வாட் எரிக்கும். காற்றே போகாத மூடிய ஹோல்டருக்குள் அந்தச் சூட்டில் எல்இடியும் சீக்கிரம் சாகும், ஹோல்டரும் இளகும். வெளியே தனி ரெசிஸ்டர் கட்டினாலும் இதே சூடு வேறு இடத்தில் வரும். இன்னொரு விஷயம், எல்இடி செத்தாலும் ரெசிஸ்டர் மின்சாரம் இழுத்துக்கொண்டே இருப்பதால் கார் உங்களிடம் சொல்லாது. எச்சரிக்கையை நிறுத்தப் போய் எச்சரிக்கும் வசதியையே இழப்பீர்கள்.

துடிப்புக்கும் காரணம் கண்டுபிடிக்க முடியும். பல கார்கள் இந்த விளக்குக்கு மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டுத்தான் அனுப்புகின்றன. கம்பி சூடாகவே இருப்பதால் அது தெரியாது. எல்இடி உடனுக்குடன் அணைந்து எரிவதால் தெரிகிறது. விளக்கை அணைத்தபின்னும், பல்பைச் சோதிக்க கார் அனுப்பும் சிறு மின்துடிப்பில் சில எல்இடி மங்கலாக மின்னும். மலிவான எல்இடிக்குள் இருக்கும் டிரைவர் சர்க்யூட் ரேடியோவில் இரைச்சல் கிளப்புவதும் உண்டு. எனவே "எச்சரிக்கை வராத எல்இடி எது" என்ற உங்கள் கேள்விக்கு எல்லாக் காருக்கும் பொருந்தும் ஒரே பெயரைச் சொல்ல முடியாது. உங்கள் காரின் மாடலையும் வருடத்தையும் பெயர் சொல்லிப் பட்டியலில் போட்டிருக்கும் தயாரிப்பாக இருக்க வேண்டும். திருப்பித் தரும் வசதியோடு வாங்க வேண்டும்.

சட்டமும் காப்பீடும்

ஹெட்லைட் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட பல்பு வகையோடு சேர்த்தே அங்கீகாரம் பெறுகிறது. ஐ.நா. வாகன விதிகளைப் பின்பற்றும் நாடுகளில் கம்பி பல்புகளுக்கு 37-ஆம் விதி இருக்கிறது. அந்த இடத்தில் எல்இடி போட்டால், அந்த எல்இடிக்கும் உங்கள் கார் மாடலுக்கும் தனி அனுமதி இல்லாதவரை, விளக்கு அங்கீகாரத்துக்கு வெளியே போய்விடும். ஜெர்மனி போன்ற சில நாடுகளில் குறிப்பிட்ட எல்இடிகளுக்குக் குறிப்பிட்ட மாடல்களில் மட்டும் அனுமதி தருகிறார்கள். உங்கள் இடத்தில் என்ன நிலை என்பதை வாகனச் சோதனை மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டியில் வட்டத்துக்குள் 'E' என்ற அங்கீகார முத்திரை இருக்கிறதே என்பீர்கள். அதோடு 10 என்ற விதி எண் இருந்தால், ரேடியோ போன்ற கருவிகளுக்கு மின்காந்த இடைஞ்சல் தராது என்பதற்கான சான்று அது. வெளிச்சத்துக்கான சான்று இல்லை. அதே பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் 'பொதுச் சாலையில் பயன்படுத்த அல்ல' என்று அச்சிட்டிருக்கவும் கூடும், தேடிப் பாருங்கள்.

காப்பீட்டைப் பற்றி ரொம்பப் பயப்படவும் வேண்டாம். ஒரு சின்ன பல்புக்காக இழப்பீட்டை மறுப்பது அரிது. ஆனால் வயரை வெட்டி ரெசிஸ்டர் ஒட்டி, அந்த இடத்தில் தீப்பிடித்தால் கேள்வி வரும். வயரை மட்டும் வெட்டாதீர்கள்.

டிஆர்எல் ஆக்க முடியுமா?

முடியாது, வேண்டவும் வேண்டாம். ஐ.நா.வின் 87-ஆம் விதிப்படி பகல் விளக்கு ஒவ்வொன்றும் 400 முதல் 1,200 கேண்டெலா (ஒரு திசையில் போகும் ஒளியின் வலிமைக்கான அலகு) வரை இருக்க வேண்டும். பார்க்கிங் லைட்டுக்குத் தேவையானது அதில் சொற்பம். அவ்வளவு ஒளியை இந்த வளையத்திலிருந்து பிழிந்தெடுத்தாலும், அது இரவில் லோ பீமோடு சேர்ந்து அதே பிரகாசத்தில் எரிந்து எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும். முறையான டிஆர்எல் ஹெட்லைட் போட்டதும் அணையவோ மங்கவோ வேண்டும். அந்த வசதி வேண்டுமென்றால் அங்கீகாரம் பெற்ற தனி டிஆர்எல் செட்டைப் பம்பரில் பொருத்துவதுதான் நேர்வழி.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. சில பிஎம்டபிள்யூ மாடல்களில் வளையத்துக்கே எச்8 என்ற 35 வாட் ஹாலஜன் வரும். எச்11 என்ற 55 வாட் பல்பும் பார்க்க அதேபோல் இருப்பதால், அதன் பிளாஸ்டிக் காதைச் சீவி மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காது வேறாக இருப்பதே யாரும் அதை மாட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான். சீவி மாட்டினால் ஹோல்டரும் ஒளிக்குழாயும் வெந்துபோகும்.

நான் என்ன செய்யச் சொல்கிறேன்

தரமான கம்பெனியின் சாதாரண 5 வாட் பல்பு இரண்டு. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில். உங்கள் கடிதத்தில் இருக்கும் தொல்லைகளில் பெரும்பாலானவை இதிலேயே தீர்ந்துவிடும்: எச்சரிக்கை வராது, துடிக்காது, இரண்டு வளையமும் ஒரே நிறத்தில் எரியும். அதற்குப் பிறகும் வெள்ளை நிறம்தான் வேண்டும் என்று தோன்றினால், உங்கள் இடத்தில் அனுமதி இருந்து, நுனியில் ஒளி விடும், 4,000 முதல் 5,000 கெல்வினுக்குள் இருக்கும் எல்இடியைப் பாருங்கள்.

மாட்டும்போது ஹோல்டரைக் கால் சுற்றுத் திருகி முழுதாக வெளியே எடுத்த பிறகே பல்பைத் தொடுங்கள். பல்பைத் திருகாமல் நேராக இழுங்கள். மூடுவதற்கு முன் எரியவிட்டுப் பாருங்கள். பின்மூடியின் ரப்பர் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். இல்லையென்றால் அடுத்த மழையில் உள்ளே பனி படியும். ஹெட்லைட்டையே கழற்றியிருந்தால் ஒளியின் உயரத்தையும் சோதிக்க வேண்டும். பல கார்களில் ஹெட்லைட் மேலேயோ பானெட் அடியிலோ 1% என்பது போல ஒரு எண் அச்சிட்டிருக்கும். அப்படியானால், 10 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் லோ பீமின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்தை விட 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும்.

புது பல்பு போட்டும் இடதுபக்கம் எரியவில்லை, ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, ஆனால் ஹோல்டரில் 12 வோல்ட் மட்டும் வரவில்லை என்றால் அதற்கு மேல் நீங்கள் தோண்ட வேண்டாம். சில கார்களில் ஷார்ட் சர்க்யூட் ஆனதாகத் தெரிந்தால் கட்டுப்பாட்டுப் பெட்டியே அந்த விளக்குக்கான மின்சாரத்தை நிறுத்திவைக்கும். ஷார்ட்டைச் சரிசெய்து, ஸ்கேனர் போட்டு அந்தப் பிழைப்பதிவை அழித்தால்தான் மின்சாரம் திரும்ப வரும். அந்த வேலைக்கு அதே பட்டறைக்குப் போகலாம். ஆனால் இந்த முறை "செட்டை மாத்துங்க" என்று சொல்லாமல், "இடது பார்க்கிங் லைட் ஹோல்டருக்கு சப்ளை வரல, ஏன்னு பாருங்க" என்று சொல்லிக் கொடுங்கள்.